புன்னைக்காயலுக்குப் போட்ட முக்கியமான கார்டு

தூத்துக்குடி,
3-11-1976, புதன்கிழமை.

சென்னை இராயபுரத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஊருலகத்துப் பிள்ளைகளின் எழுத்தையெல்லாம் திருத்திவரும் என் பெருமதிப்பிற்குரிய மைத்துனர் தேவபிரசாதம் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கை அமலோற்பவத்தைக் கட்டிய குற்றத்துக்காக இருபத்தாறு வருஷமாக உங்களிடம் திருத்தம் வாங்கிவரும் விக்டர் கோமஸ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் வீட்டாரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகமா என்று கேட்டால், உடம்பு சுகம். மற்றதெல்லாம் கீழே வருகிறது, உட்கார்ந்துகொண்டு வாசிக்கவும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் மச்சான். இந்தக் கடிதத்தின் இடது மேல்மூலையில் இரண்டு விரற்கடை இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மறதியில் விட்டதில்லை. அங்கே நான் வழக்கமாக என்ன எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியும். எழுதத்தான் கை போனது. உங்கள் முகம் ஞாபகம் வந்தது, பேனாவை மூடிவிட்டுக் கீழே இறங்கி எழுதுகிறேன்.

போன ஈஸ்டருக்கு நான் எழுதிய கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினீர்களே, அங்கேயிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இம்பார்ட்டன்ட் என்ற சொல் ஒரே கடிதத்தில் பதினோரு இடத்தில் வருகிறது என்று கோடு போட்டு எண்ணிக் காட்டியிருந்தீர்கள். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி வந்தது இம்பார்ட்டன்ட் ஆகாது, வீட்டுக்காரர் வெள்ளையடித்துத் தருவதாகச் சொன்னது இம்பார்ட்டன்ட் ஆகாது, அமலோற்பவத்துக்குக் கடைவாய்ப்பல் ஆடுவது அவளுக்கு மட்டும்தான் இம்பார்ட்டன்ட் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தீர்ப்பு. கடைசியில் முழுப்பக்கம் பாடம். அவசரம் வேறு, முக்கியம் வேறு. அடுப்பில் பால் பொங்கினால் அது அவசரம், முக்கியம் இல்லை. மனுஷ வாழ்க்கையில் உண்மையிலேயே முக்கியமான காரியம் வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம், அந்தச் சொல்லைச் சேர்த்துவைத்து அதற்குச் செலவழித்தால் வாசிக்கிறவன் எழுந்து நிற்பான் என்று எழுதினீர்கள். நான் சொன்னால் கேட்கிற ஆள். துறைமுகத்துக் கம்பத்தில் முப்பத்தொரு வருஷம் புயல் கூண்டு ஏற்றியவன், மேலே இருந்து சொன்ன நம்பரைத் தவிர சொந்தமாக ஒரு நம்பர் ஏற்றியதில்லை. உங்கள் பாடத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அன்றையிலிருந்து ஆறு மாதம் அந்தச் சொல்லை வாயாலும் தொடவில்லை, பேனாவாலும் தொடவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் நின்றபோது எழுதிய மனுவில்கூட 'சாதாரணமாகத் தெரிவித்துக்கொள்வது' என்றுதான் ஆரம்பித்தேன், தண்ணீரும் சாதாரணமாக இருபது நாள் கழித்து வந்தது. சும்மா விரதம் இருந்திருந்தால் பரவாயில்லை. அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன், அதுதான் நான் பண்ணின முதல் கோளாறு. மகள் பிளாரன்ஸுக்குக் கல்யாணப் பேச்சு முடிந்த அன்றைக்கு, மாப்பிள்ளை ஊரான புன்னைக்காயலில் சம்பந்தி பாஸ்கல் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டே, "சம்பந்தி, இனிமே நான் இம்பார்ட்டன்ட்னு ஒரு கார்டு போட்டா அது சும்மா இல்லன்னு தெரிஞ்சுக்கிடணும்" என்றேன். அவரும் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "சரி சம்பந்தி, மனசுல வச்சிக்கிடுதேன்" என்றார். வைத்துக்கொண்டார் மச்சான். என் தலையெழுத்து, சொன்னபடியே வைத்துக்கொண்டார்.

கல்யாண விவரம் முன்பே எழுதியிருக்கிறேன், இருந்தாலும் நாள் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். மாப்பிள்ளை ரோச் கப்பலில் ஃபிட்டர், தங்கமான பையன், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, நானும் தேடித்தான் பார்த்தேன். டிசம்பர் முதல் வாரம் பம்பாயில் கப்பல் ஏறுகிறான், ஏறினால் ஒரு வருஷம் கழித்துத்தான் தரையைப் பார்ப்பான். இந்த மாதம் 28ஆம் தேதி திருவருகைக்காலம் தொடங்கிவிடும், அப்புறம் கிறிஸ்மஸ் கழியும்வரை கோயிலில் தாலி கட்ட விடமாட்டார்கள். அதனால் 24ஆம் தேதி என்று குறித்தோம். அதற்கு முன்னால் நம் கோயிலிலும் அவர்கள் கோயிலிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் மூன்று வாரமும் சபையைக் கேட்க வேண்டும். 7, 14, 21 என்று மூன்றே ஞாயிறுதான் பாக்கி. வருகிற ஞாயிறு ஒன்று தவறினால் பிளாரன்ஸ் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. அதுவும் இப்போது நடந்திருக்கிற கூத்துக்குப் பிறகு ஒரு வருஷம் அவர்கள் காத்திருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்தக் கூத்தைச் சொல்கிறேன். பேச்சு முடிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. கடற்கரைக்குப் போய்க் கூண்டுக் கம்பத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன், பாதி வழி வந்ததும் சரியாகப் பார்த்தோமா என்று திரும்பவும் போகிறேன். "வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து தரையையே தேச்சிருவிய போலுக்கே. ஒரு எடத்துல இரியுங்களேன்" என்கிறாள் உங்கள் தங்கை. எங்கே இருக்க? பிளாரன்ஸைப் பற்றி அந்த வீட்டில் சொல்லாமல் விட்ட சங்கதிகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. அவளுக்கு நண்டு தின்றால் மேலெல்லாம் தடிக்கும், ஆனால் இலையில் வைத்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டாள், தின்றுவிட்டுச் சொறிந்துகொண்டிருப்பாள். இதைச் சொன்னேனா? சொல்லவில்லை. இடது காதில் மழைத்தண்ணீர் போகக்கூடாது. அதையும் சொல்லவில்லை.

அக்டோபர் 19ஆம் தேதி மத்தியானம் சோறு தின்றுகொண்டிருக்கும்போதுதான் எல்லாவற்றிலும் பெரிய சங்கதி ஞாபகம் வந்தது. பிளாரன்ஸை ஒரு தடவை கூப்பிட்டால் சாப்பிட வரமாட்டாள். "இந்தா வாரேன்" என்பாள், தையல் மிஷினில் குனிந்தால் அதோடு மறந்துவிடுவாள். இரண்டாம் தடவை ஒருத்தர் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் பட்டினியாகவே கிடந்துவிடுவாள், யாரிடமும் சொல்லவும் மாட்டாள். பேச்சு வந்த வயதிலிருந்து அந்த இரண்டாவது சத்தம் கொடுக்கிறவன் நான். அமலோற்பவம் ஒரு தடவைக்கு மேல் கூப்பிடமாட்டாள், கொள்கை. புன்னைக்காயலில் யார் கூப்பிடுவார்கள்? மாப்பிள்ளையோ கப்பலில் இருப்பான். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டேன் மச்சான். இது பால் பொங்குகிற அவசரம் இல்லையே, நீங்களே சொல்லுங்கள். ஆறு மாதம் சேர்த்துவைத்த சொல்லை இதற்குச் செலவழிக்காமல் வேறு எதற்குச் செலவழிப்பது?

ஆனால் கார்டில் போய் 'என் மகளை இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிடவும்' என்று எழுத முடியுமா? அந்த ஊர்த் தபால்காரர் பால்துரை கார்டை முதலில் தான் வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார், அப்புறம் பெண் சோற்றுக்கு அலைகிறவள் என்று பெயராகிவிடும். கவர் வாங்கிவரப் போனால் அதற்குள் தபால் கட்டிவிடுவார்கள். அதனால் வீட்டில் கிடந்த கார்டில் சுருக்கமாக எழுதினேன்: 'இம்பார்ட்டன்ட். கார்டு கண்டதும் உடனே புறப்பட்டு வரவும். விவரம் நேரில். வி. கோமஸ், சிக்னல் ஆபீஸ் (ஓய்வு).' கையெழுத்துக்குக் கீழே உத்தியோகத்தைப் போடுவது எனக்கு விட்டுப்போகாத பழக்கம்.

இனி நடந்தது நான் கேள்விப்பட்டது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வலையெல்லாம் ஏற்றி வள்ளத்தை இறக்கப்போகிற நேரம், பால்துரை கடற்கரைக்கே கார்டைக் கொண்டுபோய்விட்டார். பாஸ்கல் கையில் கண்ணாடி இல்லை, பால்துரையே சத்தமாக வாசித்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த ஊர்த் தலைவர் சிலுவை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாராம். "ஏலே, முப்பது வருசம் கூண்டு ஏத்துன மனுசன். ஆறு மாசமா அந்த வார்த்தையவே எழுதலங்கான். இன்னைக்கி எழுதியிருக்கான்னா சும்மாவா? புயல்னு கார்டுல எழுதுனா சர்க்கார் புடிச்சிக்கிடும்லா, அதாம் விவரம் நேர்லங்கான்" என்றிருக்கிறார். "வானம் வெளிச்சமாத்தான கெடக்கு?" என்று ஒருவர் கேட்டதற்கு, "வெளிச்சமா கெடக்கதுதாம்லே பயமா இருக்கு" என்று பதில். அத்தனை வள்ளத்தையும் கோயில் மதில்வரைக்கும் இழுத்து ஏற்றிவிட்டார்கள். மணி அடித்துப் பெண்டு பிள்ளைகளையெல்லாம் கோயிலுக்குள் விட்டுக் கதவைச் சாத்தி ஜெபமாலை தொடங்கியாயிற்று. ஒருவர் காற்றில் கூரை போய்விடக்கூடாது என்று அம்மிக்கல்லைத் தூக்கிக் கூரைமேல் வைத்திருக்கிறார், அது ஓலையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்து பானை மூன்று உடைந்தது. அந்தப் புயலில் ஆன சேதம் மொத்தம் அவ்வளவுதான்.

இங்கே மூன்று மணிக்கு என் வாசலில் ஐஸ் லாரி வந்து நிற்கிறது. பாஸ்கலும் சிலுவையும் குதித்து ஓடி வருகிறார்கள், காலில் செருப்புக்கூட இல்லை. கூப்பிட்ட மரியாதைக்கு இவ்வளவு விரசாக வந்துவிட்டார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம், நாற்காலியைத் துடைத்துப் போடுகிறேன்.

"இருக்கதுக்கு நேரமில்ல வே. எத்தனாம் நம்பரு?" என்றார் சிலுவை.

"என்ன நம்பரு?"

"கூண்டு வே, கூண்டு! எந்தத் தெசையில இருந்து வருது? எப்பம் அடிக்கும்? ஊரே கோயில்ல முட்டங்கால்ல நிக்கி!"

"புயலா? ஆரு சொன்னா? நான் வரச் சொன்னது நம்ம பிளாரன்ஸ் விசயமால்லா."

பாஸ்கல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைக்கி என்ன செய்யி? ஆஸ்பத்திரில கெடக்காளா?"

"சே சே, நல்லா இருக்கா. சாப்புடக் கூப்புட்டா ஒரு சத்தத்துக்கு வரமாட்டா சம்பந்தி. ரெண்டு சத்தம் குடுக்கணும். அதச் சொல்லத்தான்..."

லாரியிலிருந்து ஐஸ் தண்ணீர் வாசலில் சொட்டிக்கொண்டிருந்தது. சிலுவை என்னைப் பார்த்தார், பாஸ்கலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "இதுக்கா வே? இதுக்கா அம்புட்டு வள்ளத்தையும் கரையேத்திப் போட்டிருக்கோம்?"

"நான் எங்க ஏத்தச் சொன்னேன்? வாங்கன்னுதான எழுதுனேன்!"

"இம்பார்ட்டன்ட்னு போட்டிருந்தீரே வே!"

"ஏன், இது இம்பார்ட்டன்ட் இல்லையா?" என்று நானும் கத்திவிட்டேன். கத்தியிருக்கக்கூடாது, மாப்பிள்ளை ஊர்த் தலைவர் ஆயிற்றே. ஆனால் எனக்கும் ஆத்திரமாக வந்துவிட்டது. பிள்ளை பட்டினி கிடப்பாளே என்று சொன்னால் இவர் நம்பர் கேட்கிறார். அமலோற்பவம் காப்பி கொண்டுவருவதற்குள் லாரி கிளம்பிவிட்டது. பாஸ்கல் ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கென்று கடலில் சீலா மீன் கூட்டம் கூட்டமாகப் பட்டிருக்கிறது. பக்கத்து ஊர் வள்ளங்களெல்லாம் விளிம்புவரைக்கும் தண்ணீரில் அமிழ்ந்து, புன்னைக்காயல் கரைக்கு முன்னாலேயே போயிருக்கின்றன. போகிறவர்கள் கையை வேறு ஆட்டியிருக்கிறார்கள். இவர்கள் ஜெபமாலையும் கையுமாக மதில் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். இப்போது அந்தப் பக்கத்தில் வீட்டுக்குள்ளே யாராவது சோறு தின்னக் கூப்பிட்டால், "எத்தனாம் நம்பரு?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்களாம்.

இது நடந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. மன்னிப்புக் கடிதம் நான்கு எழுதி நான்கையும் கிழித்துப்போட்டேன். மேல்மூலையில் அந்தச் சொல்லைப் போட்டால் மறுபடியும் கோயில் மணி அடித்துவிடுவார்கள், போடாவிட்டால் மன்னிப்புக் கேட்பது எனக்கு முக்கியமில்லை என்று ஆகிவிடும். உங்கள் பாடத்தில் இதற்கு வழி எழுதவில்லை மச்சான், தேடிப் பார்த்துவிட்டேன். நேரிலேயே போய்விடுவோம் என்று ஒரு நாள் பஸ் ஏறினேன், ஆத்தூர் வந்ததும் இறங்கி எதிர் பஸ்ஸில் திரும்பிவிட்டேன். முந்தாநாள் திங்கட்கிழமை பாஸ்கல் இங்கே வந்திருந்ததாகக் கேள்வி. அந்த நேரம் பார்த்து நான் பின்பக்கம் முருங்கை மரத்தில் பூச்சி பார்த்துக்கொண்டிருந்தேன், முக்கால் மணி நேரம் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பெரிய சீலா மீனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் தங்கை அதைச் சமாதான மீன் என்கிறாள். நான் நம்பவில்லை. உறவை முறிக்கிறவன் கையை வீசிக்கொண்டா வருவான்? மரியாதைக்கு ஒரு மீனைக் கொடுத்துவிட்டுத்தான் முறிப்பான். மீன் நல்ல மீன்தான், நான்தான் ஒரு துண்டோடு எழுந்துவிட்டேன்.

நம் கோயிலிலும் இன்னும் ஓலை வாசிக்கவில்லை. அவர்கள் மனசு தெரியாமல் நாம் முந்திக்கொண்டு வாசித்து, நடுப்பூசையில் யாராவது எழுந்து தடை சொன்னால் பிளாரன்ஸ் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? அதனால் பொறுமையாக இருக்கிறேன். சாமியார் வந்து பார்க்கும்படி சொல்லியனுப்பினார், எனக்கும் நேரம் வாய்க்கவில்லை. பிளாரன்ஸ் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறாள். நான் கடந்து போகும்போதெல்லாம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள், பிறகு மிஷினை மிதிக்கிறாள். ஒரு கார்டால் பெற்ற மகள் கல்யாணத்தைக் கெடுத்தவன் என்று நாளைக்கு ஊர் என்னைத்தான் சொல்லும்.

ஆகவே மச்சான், இதற்கு நீங்கள்தான் பொறுப்பு. அந்தச் சொல்லை எனக்கு ரேஷன் போட்டது நீங்கள். அதற்கு முன்னால் கடிதத்துக்குப் பதினோரு தடவை எழுதினேன், ஒருத்தரும் ஒரு கட்டுமரத்தைக்கூடக் கரையேற்றவில்லை, எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைக்கும், அன்றைக்கே ரயிலேறினால் சனிக்கிழமை இங்கே இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் எதையாவது சொல்லி லீவு எடுங்கள். புன்னைக்காயலுக்குப் போய், முக்கியம் என்றால் என்ன, ஒருத்தன் பாதிச் சோற்றில் எழுந்திருக்கிற காரியம் இன்னொருத்தனுக்கு எப்படி ஒன்றுமில்லாமல் தெரிகிறது என்று கரும்பலகை வைத்தாவது அவர்களுக்கு விளக்குங்கள். அப்படியே எனக்கும் விளக்குங்கள்.

உங்கள் வீட்டாருக்கு என் தோத்திரம், பிள்ளைகளுக்கு என் முத்தம். கடலில் கிடக்கிறவர்களையும், என்னால் கரையில் கிடந்தவர்களையும், எங்களையும் உங்களையும் மாதா தன் சேலைத்தலைப்புக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
வி. கோமஸ்,
சிக்னல் ஆபீஸ் (ஓய்வு).

பின்குறிப்பு: மாமா, இது பிளாரன்ஸ் எழுதுவது. அப்பா கடிதத்தை ஒட்டாமல் என் கையில் கொடுத்துத் தபாலில் போட்டுவரச் சொன்னார்கள். ஒட்டாமல் கொடுத்தால் வாசித்துவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன.

சண்டை எதுவும் இல்லை மாமா. அந்த வாரமே புன்னைக்காயலில் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள், சிலுவை மாமாவே எல்லாருக்கும் நடித்துக் காட்டுகிறார்களாம். பாஸ்கல் மாமா திங்கட்கிழமை வந்தது, அங்கே முதல் ஓலை வாசித்தாயிற்று என்று சொல்வதற்கு. அதை அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். முருங்கை மரத்துக்கும் சன்னலுக்கும் நாலடிகூட இருக்காது. நம் கோயிலில் வாசிக்காததற்குக் காரணம் வேறு யாரும் இல்லை. ஓலைக்கு எழுதிக்கொடுக்க வேண்டிய தாள் மூன்று வாரமாக அப்பா சட்டைப்பையில் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் கொண்டுவந்து தர வேண்டும் என்று சாமியார் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அப்பா கூண்டுக் கம்பத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

நானே எடுத்துக் கொடுத்துவிடலாம், அம்மாவும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அவுகளைப் பிடித்திருக்கிறது மாமா, இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும். ஆனால் அப்பா கையால் கொடுக்காமல் இந்த வீட்டிலிருந்து இறங்கிப் போக எனக்கு மனசு வரவில்லை. அதனால் சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள். புன்னைக்காயலுக்குப் போக வேண்டாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு நம் கோயில்வரைக்கும் நடந்தால் போதும்.

இன்று காலையில் துவைக்கச் சட்டையைக் கேட்டேன். கழற்றிக் கொடுத்தார்கள், பையில் தாள் இல்லை. எட்டிப் பார்த்தால், பனியனோடு வாசற்படியில் உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். "காஞ்சதும் சட்டையக் குடு ஏளா, இதத் திருப்பி வைக்கணும்" என்றார்கள். மத்தியானமே காய்ந்துவிட்டது. நான் இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை.